மடக்கும் தசைகள்

மார்ச் 30, ஞாயிறு

இவரை இன்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆம்புலன்ஸ்காரர்கள் கட்டிலில் கிடத்திவிட்டுப் போனதும் தெருவில் பாதிப் பேர் வந்து வாசல்படியில் நின்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். கோவில்பட்டியில் இவர் பெயர் தெரியாதவர்கள் குறைவு. அந்தக் காலத்து ஹாக்கி வீரர், அப்புறம் மில் சூப்பர்வைசர். "அருணகிரிக்கா இப்படி?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். என்னிடம் கேட்டு என்ன பிரயோசனம்.

மூளையில் இடது பக்கம் அடைப்பு. அதனால் வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. "சரி." தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, வேண்டாமென்றாலும் சரி. இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் சொன்ன எதற்கும் இவர் வாயிலிருந்து வராத வார்த்தை. கடவுளுக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு போல.

மகள் ரேணு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தாள். லீவு முடிந்ததால் நேற்றே ஓசூருக்குப் போய்விட்டாள்.

என்ன சாப்பிட்டார், என்ன பயிற்சி செய்தார் என்று தினமும் எழுதிவைக்க டாக்டர் சொன்னார். பொங்கலுக்கு சிமெண்ட் கடையில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. மதியம் கஞ்சி. இரவு இடியாப்பம், பாலில் ஊறவைத்தது.

ஏப்ரல் 2, புதன்

பிசியோதெரபி செய்ய ஜெபசிங் என்ற தம்பி வந்தார். சின்ன வயது, பொறுமைசாலி. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன் என்று தெரிந்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"அப்ப எனக்குப் பாதி வேலை மிச்சம் டீச்சர். மத்த வீட்டுல தசைன்னா கறின்னு நினைப்பாங்க."

அவர் சொன்னதெல்லாம் எட்டாம் வகுப்புக்கு நான் வருஷா வருஷம் சொல்வதுதான். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் ஜோடி ஜோடியாக வைத்திருக்கிறது. மேல்கையில் முன்னால் இருக்கும் இருதலைத் தசை சுருங்கினால் முழங்கை மடங்கும். பின்னால் இருக்கும் முத்தலைத் தசை சுருங்கினால் நீளும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். விரலில் பேருக்குக்கூடத் தசை கிடையாது. விரலை மடக்குவதும் விரிப்பதும் பெரும்பாலும் முழங்கைக்குக் கீழே இருக்கிற தசைகள். உள்பக்கத்தில் இருப்பவை மடக்கும், வெளிப்பக்கத்தில் இருப்பவை விரிக்கும். கயிறு போல நீளமான தசைநாண்களால் அங்கிருந்தே விரலை இழுக்கின்றன, பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னால் இருந்து இழுப்பதுபோல.

இப்போது இவருடைய கை ஈரத்துணி மாதிரி துவண்டு கிடக்கிறது. இன்னும் சில வாரத்தில் இறுக ஆரம்பிக்கும் என்றார் ஜெபசிங். அப்போது மடக்கும் தசைகள்தான் ஜெயிக்கும், அவற்றுக்குத்தான் இயல்பாகவே பலம் அதிகம். அப்படியே விட்டால் தசை நீளம் குறைந்து, கை மூடியபடி நின்றுவிடும். தினமும் மூன்று வேளை விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் நீட்டிவிட வேண்டும். தூங்கும்போது விரல்களை விரித்துவைக்கிற பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்ட வேண்டும். கட்டிக் காட்டினார். நானும் கட்டிக் காட்டினேன். நூற்றுக்கு நூறு என்றார்.

ஏப்ரல் 5, சனி

கால் பயிற்சி மூன்று வேளை. கைக்கு நேரம் இல்லை.

ஏப்ரல் 9, புதன்

கால் நன்றாகத் தேறுகிறது. தொடையின் முன்பக்கத்து நான்குதலைத் தசையில் அசைவு தெரிகிறது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து "மிதிங்க" என்றால் அழுத்துகிறார். புட்டத்துத் தசைதான் உடம்பிலேயே பெரியது, அது தேறினால் ஆள் எழுந்து நிற்பார். எனக்கும் அதுதான் வேண்டும். என் இடுப்பு இவரைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போகத் தாங்காது. கெண்டைக்காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டேன். யாரும் குறை சொல்ல முடியாது.

ஜெபசிங் கையைத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரல் ஒரு துளி அசைந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "கட்டைவிரல் இவ்வளவு சீக்கிரம் வந்தா நல்ல அறிகுறி டீச்சர். நீட்டுறதை மட்டும் விடாதீங்க. இந்தக் கை வந்துரும்."

இவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சரி, சரி" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஜெபசிங்குக்குக் காபி போட்டுக்கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று அவர் போன பிறகுதான் தெரிந்தது. எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

ரேணு போனில் கூப்பிட்டாள். நான் போனை வலது காதுக்கு மாற்றினேன். எனக்கு இடது காது கேட்காது. குளத்தில் குளித்தபோது தண்ணீர் போய்ச் சீழ் பிடித்துவிட்டது என்று பள்ளியில் சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

கைப்பட்டை கட்டிய இடத்தில் வேர்க்குரு மாதிரி இருந்தது. கழற்றி பீரோ மேல் வைத்தேன். வெயில் குறையட்டும்.

ஏப்ரல் 16, புதன்

ஜெபசிங்குக்கு ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணமாம். மே கடைசியில்தான் வருவாராம். வேறு ஆளை அனுப்பட்டுமா என்று கேட்டவர், தானே "நீங்க இருக்கும்போது எனக்கு என்ன கவலை" என்றும் சொல்லிக்கொண்டார். பத்திரிகை வைத்தார். மாப்பிள்ளைக் களை இப்போதே வந்துவிட்டது.

போகும்போது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நம் ஊரில் பக்கவாதம் என்றாலே பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு ரப்பர் பந்தை வாங்கிவந்து கையில் திணிப்பார்கள். அமுக்கினால் கைக்குப் பலம் வருமாம். "வரும். எதுக்கு? மடக்குற தசைக்கு. ஏற்கெனவே இறுகப்போற கையை நாமளே இறுக்கிவிடுற மாதிரி. அண்ணாச்சிக்கு மட்டும் பந்து வேண்டவே வேண்டாம், டீச்சர்." இவரிடமும் குனிந்து சொன்னார். இவர் தலையாட்டினார். பேச்சுதான் போயிற்றே தவிர, சொல்வதெல்லாம் புரிகிறது.

கட்டைவிரலோடு இப்போது ஆள்காட்டி விரலும்.

ஏப்ரல் 24, வியாழன்

இவருடைய அக்கா செல்லத்தாய் மைனி சாத்தூரிலிருந்து வந்துவிட்டார். தம்பி எழுந்து நடக்கிறவரைக்கும் இங்கேதானாம். பிள்ளைகுட்டி இல்லாதவர். இவரைத் தன் பிள்ளையாகத்தான் நினைக்கிறார். பை நிறையக் காராச்சேவு, சஷ்டி கவசப் புத்தகம், அடியில் ஒரு மஞ்சள் ரப்பர் பந்து. அதில் சிரித்த முகம் வேறு.

"எங்க தெரு பத்மநாபன் சார் இதை அமுக்கி அமுக்கித்தான் எந்திரிச்சு உக்காந்தாரு குமாரி. முருகா முருகான்னு சொல்லி அமுக்கணும்."

கட்டிலில் உட்கார்ந்து இவர் வலது கையில் பந்தை வைத்து, மேலே தன் கையை வைத்துப் பொத்தினார். இவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். என்னைப் பார்த்தார். "சரி சரி சரி சரி" என்று சத்தமாகச் சொன்னார்.

"பாத்தியா, தம்பி சரிங்கான்" என்றார் மைனி. முகமெல்லாம் பூரிப்பு.

அடுப்பில் பருப்பு பொங்குகிற சத்தம் கேட்டது. உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

பருப்பு விஷயம் நேற்று சரியாக எழுதவில்லை. குக்கரில் வைத்த பருப்பு எப்படிப் பொங்கும்.

ஏப்ரல் 30, புதன்

மைனி கர்மசிரத்தையான மனுஷி. காலையில் குளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசி, தம்பி பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். முருகா, அமுக்கு. முருகா, அமுக்கு. மத்தியானம் ஒரு தடவை. விளக்கு வைத்ததும் ஒரு தடவை. இவர் முரண்டு பிடித்தால் "சோம்பேறிப் பய" என்று செல்லமாகத் திட்டுகிறார். முதலில் பந்தைத் தொட மட்டும்தான் முடிந்தது. இப்போது பந்தின் சிரித்த முகம் நசுங்குகிறது. பலம் வந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இன்று கூழ் ஊற்றக்கூட நேர்ந்துகொண்டார்.

மைனி கெட்டவர் இல்லை. காதில் ரத்தத்தோடு நான் சாத்தூருக்குப் போன அன்று சூடாகப் பால் காய்ச்சிக் கொடுத்தவர். "அவனுக்குக் கோபம் வந்தா கை முந்திக்கும் குமாரி, நீதான் பாத்து நடந்துக்கிடணும்" என்று சொல்லி, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தானே கூட்டிவந்து விட்டுப்போனார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குத்தான் கொடுத்தார்.

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம். உடம்பு எரிகிறது. இவருக்குத் தினமும் இரண்டு தடவை உடம்பு துடைத்துவிடுகிறேன். முதுகில் ஒரு புண் இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸ்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று எதிர்வீட்டில் சொல்கிறார்கள். மூன்று கால் ஊன்றுகோலை இடது கையில் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரைக்கும் தானே போய்வந்தார். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வலது முழங்கை மார்போடு மடங்கி நிற்கிறது. விரல்கள் உள்ளே போய்விட்டன.

மே 9, வெள்ளி

மைனி கதிரேசன் கோவிலுக்குப் போயிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றை விரித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் விரல் திரும்ப மூடிக்கொள்கிறது. வியர்த்துக் கொட்டியது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையை என் பக்கம் நீட்ட முயன்றார். "சரி" என்றார், மெதுவாக. இவர் என்னிடம் இப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. துணியை மடித்து முடித்துவிட்டு மாடிக்குப் போய் வற்றலைப் புரட்டிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் பந்தைக் காணோம். இடது கையால் தூக்கி எறிந்திருக்கிறார், பீரோவுக்கு அடியில் போய்க் கிடந்தது. கதவு மூலையில் இவருடைய ஹாக்கி மட்டை இருக்கிறது. அதை அடியில் விட்டுத் துழாவிப் பந்தை எடுத்து, துடைத்து, மைனியின் தலையணை மேல் வைத்தேன். வீட்டில் ஒரு பொருள் தொலைந்தால் எனக்குப் பிடிக்காது. இவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

மே 13, செவ்வாய்

ஒன்றுமில்லை. வெயில்.

மே 19, திங்கள்

விரல்களை விரிக்க முடியாத ஒருவரால் என்னென்ன முடியாது என்று யோசித்துக்கொண்டே வெங்காயம் உரித்தேன். சட்டைப் பொத்தான் போட முடியாது. சோறு பிசைய முடியாது. தாழ்ப்பாள் போட முடியாது. அறைய முடியாது. செய்தித்தாள் பிரிக்க முடியாது. பாவம்தான்.

உள்ளங்கையில் நகம் குத்தி நாற்றம் வருகிறது. டெட்டால் போட்ட துணியைச் சுருட்டி உள்ளே விட்டுத் துடைத்தேன். வலியில் கத்தினார். கத்தினாலும் அதே வார்த்தைதான்.

மே 28, புதன்

ஜெபசிங் வந்தார். கல்யாணக் களையோடு, அல்வா டப்பாவோடு. கழிப்பறையிலிருந்து நடந்துவந்த இவரைப் பார்த்ததும் கைதட்டினார். அப்புறம் கையைப் பார்த்தார்.

விரல்களைப் பிரித்தார், பிரியவில்லை. மணிக்கட்டை இறக்கிவைத்து மறுபடி முயன்றார். முழங்கையை நீட்டப் பார்த்தபோது இவர் போட்ட சத்தத்தில் மைனி பூஜை அறையிலிருந்து ஓடிவந்தார். தசை சுருங்கி நீளம் குறைந்துவிட்டது, இது சாதாரண இறுக்கம் இல்லை என்றார் ஜெபசிங். குரல் மாறிவிட்டது. பெங்களூர் மாதிரிப் பெரிய ஊரில் ஊசி போட்டு, தேவைப்பட்டால் அறுவை செய்து ஓரளவு தளர்த்துவார்கள், அதுவும் உள்ளங்கையைச் சுத்தம் செய்கிற அளவுக்குத்தான், பழைய கை கிடைக்காது என்றார்.

கட்டிலில் பந்து கிடந்தது.

"யாரு இதைக் கொடுத்தது?"

"நான்தான் தம்பி" என்றார் மைனி. "மூணு வேளையும் விடாம செஞ்சோமே. நல்லா அமுக்குதானே."

ஜெபசிங் அவருக்கு விளக்கிச் சொன்னார். பாவி மனுஷன், படம் போட்டுக் காட்டாத குறையாகச் சொன்னார். மைனிக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். தம்பி கையை நானே முடமாக்கிவிட்டேனே, முருகன் பேரைச் சொல்லிச் சொல்லி முடமாக்கினேனே என்று அழுதார். இவர் மைனியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட சொன்னேனே டீச்சர்" என்றார் ஜெபசிங்.

விடைத்தாள் திருத்துகிற வேலை, நான் கவனிக்கவில்லை என்றேன். மைனிக்கு என்ன தெரியும், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னேன். மைனி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எழுப்பி உட்காரவைத்துப் பால் காய்ச்சிக் கொடுத்தேன்.

மே 30, வெள்ளி

மைனி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பழனிக்கு மொட்டை போட நேர்ந்துகொண்டிருக்கிறார். இந்த வயதில்.

ஜூன் 1, ஞாயிறு

ரேணு காலையில் காரோடு வந்தாள். ஜெபசிங்கிடம் போனில் பேசியிருக்கிறாள். வந்ததும் அப்பா கையைப் பார்த்தாள், நகவெட்டி கேட்டு வாங்கி, அந்த மூடிய கைக்குள் எப்படியோ விட்டு நகங்களை வெட்டினாள். மைனி ஒவ்வொரு தடவையும் "நான்தான் தாயி, நான்தான்" என்று அழுதார். ரேணு அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்தாள்.

"அத்தைக்குத் தெரியாது. உனக்குத் தெரியாதாம்மா?"

நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சலிப்பாக இருந்தது.

"தெரியும்" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. காதைக் காட்டியிருப்பேன். அவள் பிறப்பதற்கு முன்னால் கரு கலைந்ததைச் சொல்லியிருப்பேன். அவள் கத்தவில்லை.

"பேசாம நிக்கிறது உனக்கு நல்லா வரும்மா. நான் டென்த் படிக்கையில கோச்சிங் கிளாஸ்ல இருந்து லேட்டா வந்தேன்னு அப்பா என்னை முற்றத்துல போட்டு அடிச்சாரே, அப்பவும் இந்த இடத்துலதான் நின்னே. கத்தரிக்காய்தான் நறுக்கிட்டு இருந்தே."

கத்தரிக்காயா என்பது எனக்கு நினைவில்லை. மற்றது நினைவிருக்கிறது. வெளியே வந்திருந்தால் எனக்கும் விழுந்திருக்கும். அதைச் சொன்னேன்.

"விழுந்திருக்கும்" என்றாள். "ரெண்டு பேருக்கும் விழுந்திருக்கும்."

அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போகப் போவதாகச் சொன்னாள். பெங்களூரில் காட்டப்போகிறாளாம். உன்னை அடித்த அப்பா மேல் இப்போது என்ன திடீர்ப் பாசம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பாசத்துல கூட்டிட்டுப் போகலம்மா. உன்கிட்ட விட்டுட்டுப் போகப் பயமா இருக்கு."

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். மைனியும் கூடப் போனார், தம்பிக்குப் பணிவிடை செய்து பாவத்தைக் கழிக்க. அத்தையிடமாவது உண்மையைச் சொல்லிவிடு என்று ரேணு போகும்போது சொன்னாள். மைனி காரில் ஏறி ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுரு குமாரி" என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. எல்லோரும் விசாரித்தார்கள். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், நல்ல வைத்தியம் என்றேன். கொடுத்துவைத்தவர் என்றார்கள்.

ஜூன் 4, புதன்

சாயங்காலம் வந்து கட்டிலைக் கழற்றி மாடியில் போட ஆள் வைத்தேன். அறை பெரிதாகிவிட்டது. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி டிவி போட்டேன். எனக்குப் பிடித்ததைச் சமைத்தேன், பச்சைமிளகாய் கிள்ளிப் போட்ட மோர்க்குழம்பு. இவருக்கு ஆகாது என்று பல வருஷம் வைக்காதது. நன்றாகத்தான் வந்திருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

டிவியை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டை யாரோ தள்ளித் திறந்தார்கள். செருப்புச் சத்தம். என் இரண்டு தோளும் காதுவரைக்கும் ஏறிவிட்டன. கழுத்து உள்ளே போய்விட்டது. பிடரியிலிருந்து தோள்வரை படர்ந்திருக்கிற பெரிய தசை அது. நாம் நினைத்தால் மட்டுமே அசைகிற தசை என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது, நானும் அப்படித்தான் நடத்துகிறேன். நான் நினைக்கவே இல்லை. இவர் ஓசூரில் இருக்கிறார், அந்தக் கை இனி விரியாது, எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தசைக்குத் தெரியவில்லை.

"டீச்சர், கேஸ் சிலிண்டர்" என்று வாசலில் குரல் கேட்டது. தோளை இறக்கப் பார்த்தேன், இறங்கவில்லை. அப்படியே போய்க் கதவைத் திறந்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டான். ஒன்றுமில்லை, உள்ளே கொண்டுவந்து வை என்றேன்.